ஊதாப் பொட்டு

வனராணி குடித்துவிட்டு வைத்த டம்ளரைக் கழுவக் கவிழ்த்தபோதுதான் ரெஜினா அதைப் பார்த்தாள். டம்ளரின் அடியில் ஒட்டியிருந்த பொட்டு ஊதா நிறத்தில் இருந்தது. காலையில் அது வெள்ளையாக இருந்தது என்பதற்கு நான் சாட்சி. கிட்டங்கியில் உள்ள பொட்டுகளை எல்லாம் தினமும் ஒரு சுற்று பார்த்துவிட்டுத்தான் நான் என் மேஜைக்குப் போவேன்.

போடி பஜாரில் இந்த விஷயம் இப்போது பல மாதிரி உலவுகிறது. வனராணி இருட்டில் மின்னினாள் என்று ஒருவர் சொன்னார். மின்னவில்லை. அதனால் நடந்ததை நடந்த வரிசையில் எழுதிவிடுவது நல்லது. என் பெயர் தெய்வேந்திரன். ஜெயவீரன் முதலாளியின் ஏலக்காய் கிட்டங்கியில் கடிதப் போக்குவரத்தும் சரக்கு அனுப்புகையும் என் பொறுப்பு.

முதலில் பொட்டு பற்றிச் சொல்ல வேண்டும். எங்கோ ஒரு நாட்டில், பழைய ஆஸ்பத்திரி மெஷினுக்குள் இருந்த கதிர்வீச்சுப் பொருள் பழைய இரும்போடு கலந்து, அந்த இரும்பில் செய்த டப்பாக்கள் கப்பல் ஏறி உலகம் முழுக்கப் போய்ச் சேர்ந்தன. அதற்குப் பிறகு, வாயில் போடுகிற எந்தச் சரக்கானாலும் பொட்டு ஒட்டித்தான் வர வேண்டும் என்று வாங்குகிற நாடுகள் சட்டம் போட்டன. மிளகு அளவில் ஒரு ஸ்டிக்கர், அவ்வளவுதான். சாதாரணமாக வெள்ளை. பக்கத்தில் கதிர்வீச்சு இருந்தால் சில மணி நேரத்தில் ஊதா. விலகிப் போனால் ஒரு நாளில் மறுபடி வெள்ளை. கம்பெனி அதற்கு வைத்த பெயர் வாயில் நுழையாது. எங்கள் பெண்கள் பொட்டு என்றார்கள், அதுவே நின்றுவிட்டது. பெட்டிகளுக்கு ஒட்டியது போக மிஞ்சியதை மணை, முறம், கதவு, டம்ளர் என்று எல்லாவற்றிலும் ஒட்டச் சொன்னார் முதலாளி. வாங்க வருகிறவர்கள் பார்த்தால் மதிப்பார்கள் என்று.

அதுவரை எங்கள் கிட்டங்கியில் எந்தப் பொட்டும் நிறம் மாறியதில்லை.

அடுத்தது எங்கள் வழக்கம். ஏலக்காயை அளவும் நிறமும் பார்த்துப் பிரிக்க மெஷின் இருக்கிறது. ஆனால் போன வருஷத்துக் காயைப் புதுக் காயோடு கலந்து விட்டால் கேமராவுக்குத் தெரியாது. மணம் பார்க்கிற மெஷின் ஒன்றையும் முதலாளி வாங்கிப் பார்த்தார். அது சாக்கு முழுவதற்கும் ஒரு சராசரி சொல்லிவிட்டு ஓய்ந்துவிடும். ஆகவே நாங்கள் இன்னும் வாய் பார்க்கிறோம். மணையில் உட்கார்ந்திருப்பவர் சாக்கின் நடுவிலிருந்து ஒரு காயை எடுத்துப் பாதி கடிப்பார். மென்று, தோலைத் துப்பிவிட்டு, ரகம் சொல்வார். மீதிப் பாதி பக்கத்தில் இருப்பவர் வாய்க்குப் போகும். அவரும் மென்று "ஆமா" என்று சொன்னால்தான் நான் முத்திரை குத்துவேன். ஆளுக்கு ஒரு காய் கடித்தால் ஆளுக்கு ஒரு ரகம் சொல்லலாம். ஒரே காயில் இரண்டு வாய் ஒத்துப்போக வேண்டும். இதற்குத்தான் வாங்குகிறவர்கள் எங்களிடம் வருகிறார்கள்.

மணையில் வனராணி, பக்கத்தில் ரெஜினா. பத்துப் பன்னிரண்டு வருஷமாக வனராணி கடித்த மீதியைத்தான் ரெஜினா கடித்து வந்தாள்.

புரட்டாசியில் வனராணிக்குக் கழுத்தில் ஆபரேஷன் நடந்தது. தைராய்டில் கட்டி. கெட்ட கட்டிதான். மதுரையில் அதை எடுத்துவிட்டு, மிச்சம் மீதி இருப்பதைக் கொல்ல, கதிர்வீச்சு ஏற்றிய அயோடின் மாத்திரை கொடுத்து, தனி அறையில் வைத்திருந்து அனுப்பினார்கள். வீட்டிலும் பிள்ளைகளை விட்டு ஒதுங்கியே இருந்தாள். ஆஸ்பத்திரி சொன்ன கெடு முடிந்த மறுநாள் வேலைக்கு வந்துவிட்டாள். கன்னத்துக்குள் எலுமிச்சை மிட்டாய் ஒன்றை ஒதுக்கிக்கொண்டு, எல்லோரையும் பார்த்துச் சிரித்துவிட்டு மணையில் உட்கார்ந்தாள். மத்தியானத்துக்குள் டம்ளர் ஊதாவாகிவிட்டது.

"ஏய், இங்கிட்டு வாங்கடி! இதைப் பாருங்கடி!" என்று ரெஜினா போட்ட சத்தத்தில் முறங்கள் எல்லாம் நின்றன.

"என்னாடி, பாம்பைக் கண்ட மாதிரி கத்துற?" என்று எழுந்து வந்த வனராணி டம்ளரைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டாள்.

"காலையில இருந்து இவ கடிச்ச காயத்தான தின்னுக்கிட்டு இருக்கேன்! என் மருமக மாசமா இருக்கா. வீட்டுக்குப் போயி அவகூடத்தான நான் ஒக்காரணும்?"

"ஆஸ்பத்திரியில சரின்னு சொல்லித்தான் ரெஜினா அனுப்புனாக."

"சரின்னா இது ஏன் ஊதாவாச்சு? பொட்டு பொய் சொல்லுமா?"

 வனராணி உட்கார்ந்திருந்த மணையைப் புரட்டிப் பார்த்தோம். அங்கேயும் ஊதா. துப்பிய தோல் கிடந்த டப்பாவிலும் ஊதா. பெண்கள் ஒருவர் பின் ஒருவராகச் சுவர் ஓரத்துக்குப் போனார்கள். நடுவில் வனராணி மட்டும் நின்றாள்.

முதலாளி வந்தார். அவர் கெட்ட மனிதர் அல்ல, அவசரக்காரர். காலையில் வாய் பார்த்த சாக்குகளைத் தனியாக ஒதுக்கச் சொன்னார். ரெஜினாவை மணையில் உட்காரச் சொன்னார். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி, "மார்கழிக் கடைசியில பெரிய சரக்கு கப்பலேறணும். அதுக்குள்ள வனராணிக்குப் பொட்டு வெள்ளையாயிருச்சுன்னா மணை அவளுக்கு. இல்லைன்னா ரெஜினாவே இருந்துக்கிரட்டும். நான் வேற என்னப்பா பண்றது?" என்றார்.

"இந்த மணை மேல கண்ணு வச்சுத்தான் கத்துனேன்னு நாளைக்கு யாரும் பேசப்படாது" என்றாள் ரெஜினா.

"பேசுனாத்தான் என்ன, ஒக்காரத்தான போற" என்று சுவர் ஓரத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

அன்று மாலையே ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன். கதிர்வீச்சுப் பாதுகாப்புக்கு என்று அங்கே தனியாக ஒரு அதிகாரி இருக்கிறார், பர்வீன் என்று பெயர். டம்ளர், மணை, தோல் டப்பா என்று வரிசையாகச் சொன்னேன். வாய் பார்க்கிற வழக்கத்தைச் சொன்னதும் அவர் குறுக்கே கேட்டார்.

"பாதிக் காயா?"

"ஆமாங்க மேடம். மீதி பக்கத்துல இருக்கிறவங்களுக்கு."

"என்ன வேலைன்னு கேட்டோம் சார். ஏலக்காய் ரகம் பிரிக்கிறேன்னாங்க. கையால பிரிக்கிற வேலைன்னு நினைச்சுட்டோம். சமையல் வேலையா, குழந்தைங்க பக்கத்துல இருக்கிற வேலையான்னு எல்லாம் கேட்போம். கடிச்சு, பாதியை அடுத்தவங்க கையில குடுக்கிற வேலை ஒண்ணு உலகத்துல இருக்கும்னு எங்களுக்குத் தோணவே இல்ல."

"அயோடின் தைராய்டுக்குத்தானே மேடம் போகும்?"

"பெரும்பாலும் அங்கதான். கொஞ்சம் எச்சில் சுரப்பிக்கும் போகும். அப்புறம் எச்சில்ல, வேர்வையில கசிஞ்சு வெளிய வரும். வாரத்துக்கு வாரம் பாதி பாதியா குறைஞ்சு போயிரும்."

"ரெஜினா தின்னது?"

"மதுரையில இருந்து டெல்லிக்கு விமானத்துல போனா மேல இருந்து கொஞ்சம் கதிர்வீச்சு படும். நீங்க சொல்ற அளவைப் பார்த்தா அதுக்கும் கம்மியாத்தான் இருக்கும். அவங்க மருமககிட்ட தாராளமா உக்காரச் சொல்லுங்க. ஆனா சார், பயப்பட வேண்டாம்னு சொல்றது வேற, கடிச்சுக் குடுக்கலாம்னு சொல்றது வேற. கொஞ்ச வாரத்துக்கு வாய் மட்டும் பார்க்க வேண்டாம். மத்த எல்லா வேலையும் பார்க்கலாம், எல்லாரோடயும் உக்காரலாம்."

இதை மறுநாள் காலையில் அப்படியே பெண்களிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்கள். கேட்டுவிட்டு, வனராணிக்கு வாசல் பக்கம் தனி மேஜை போட்டார்கள். பெட்டிக்கு லேபிள் ஒட்டுகிற வேலை. மேஜை மேல் ஒரு டம்ளரும் வைத்திருந்தார்கள். மற்ற டம்ளர்களோடு கலந்துவிடாமல் இருக்க அதன் கழுத்தில் சிவப்பு நூல் கட்டியிருந்தது.

வனராணி டம்ளரைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது எங்க சனத்துக்குப் புதுசாண்ணே?" என்றாள் என்னிடம். "எங்க அப்பா காலத்துல டீக்கடையில பார்த்ததுதான். நூல் மட்டும்தான் புதுசு."

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் ரெஜினா காதில் விழுந்தது. அவள் முறத்திலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.  

அடுத்த நாள் டம்ளர்கள் அத்தனையையும் மேலே அட்டத்தில் ஏற்றிவிட்டு எல்லோருக்கும் பேப்பர் கப் வைத்தேன்.

"எங்களுக்கு எதுக்குண்ணே இது?" என்றார்கள்.

"சளியும் இருமலும் இங்க யாருக்கு இல்ல? இனிமே எல்லாருக்கும் இதுதான். முதலாளிக்கும் இதுதான்."

முணுமுணுத்தார்கள், குடித்தார்கள். ஆனால் தனி மேஜையை என்னால் உள்ளே நகர்த்த முடியவில்லை. அவரவர் கால் நகர்ந்தால்தானே மேஜை நகரும்.

அந்த வாரத்தில் எனக்கு ஒன்று விளங்கவில்லை. வனராணி சண்டை போடவில்லை. சின்ன விஷயத்துக்கும் முதலாளி முன்னால் போய் நின்று கேட்கிறவள், மணையைக் கேட்கவே இல்லை. "மார்கழிக்குள்ள உன்னைத் திரும்ப ஒக்கார வச்சுருவோம்" என்று நான் சொன்னபோது, "ரெஜினாவே இருக்கட்டும்ணே, அவளும் எத்தனை வருசம் பக்கத்துல ஒக்காருவா" என்றாள். மனம் வெறுத்துப் பேசுகிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

பக்கத்தில் உட்கார இன்னொருத்தியை வைத்தோம், ஆனால் மணையில் ரெஜினாவுக்கும் நிம்மதி இல்லை. கடிப்பாள், மெல்லுவாள், கண்ணை மூடுவாள், ரகம் வராது. ஒன்றைச் சொல்லிவிட்டு அடுத்த நிமிஷம் மாற்றுவாள். கொச்சிக்குப் போன சரக்கில் இரண்டு சாக்கு பழைய காய் என்று திரும்பி வந்தது. கோபம் எல்லாம் வாசல் மேஜைப் பக்கம்தான் பாய்ந்தது. "அவ வாய் எச்சில் என் நாக்குல பட்டதுல இருந்தே எனக்கு ருசி பிடிபடல" என்றாள்.

அப்போதுதான் பொட்டு கம்பெனி ஆள் புதுப் பொட்டோடு வந்தார். பழையது மிளகு அளவு, இது கடுகு அளவு. நூறு மடங்கு கூர்மையானது என்றார். எங்கள் பெண்களுக்கு அது பிடித்துப் போயிற்று.

"மிளகுப் பொட்டு வெள்ளையா இருந்தா மட்டும் போதாது முதலாளி. சுத்தமா ஒண்ணுமே இல்லைன்னு தெரியணும். கடுகுப் பொட்டு வெள்ளையாகட்டும், அப்புறம் அவ உள்ள வரட்டும்" என்றாள் ரெஜினா. முதலாளிக்கும் நியாயமாகத் தெரிந்தது. ஒன்றுமே இல்லாமல் இருப்பதை யார்தான் வேண்டாம் என்பார்கள்? சாக்குகள் எல்லாவற்றிலும் ஒட்டினோம்.

மறுநாள் காலையில் கதவைத் திறந்தால், கிட்டங்கி முழுக்க ஊதா.

ஒரு சாக்கு விடாமல். பெண்கள் செருப்பைக்கூடப் போடாமல் தெருவுக்கு ஓடினார்கள். "பூராவும் பரப்பிட்டாளே பாவி!" என்று யாரோ கத்தியது பஜார் வரைக்கும் போயிற்று. டீக்கடைக்காரர் பிளாஸ்கை எங்கள் வாசலில் வைக்காமல் எதிர்த்த கடை வாசலில் வைத்துவிட்டுப் போனார். வனராணியைத் தெருக் குழாயில் கடைசியாக வந்து பிடிக்கச் சொன்னார்கள் என்று மத்தியானம் கேள்விப்பட்டேன். அவளுடைய மகளைப் பள்ளிக்கூடத்தில் கடைசி பெஞ்சில் தனியாக உட்கார வைத்தார்களாம். அந்தப் பிள்ளை மாத்திரையைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை.

முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "போச்சுய்யா தெய்வேந்திரா. மார்கழிச் சரக்கு போச்சு."

நான் சாக்குகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனேன். கடைசி வரிசை முந்தின நாள் சாயந்தரம் இறங்கியது. வனராணி உள்ளே கால் வைத்து வாரங்கள் ஆகிவிட்டன. அவள் கை படாத சாக்கு, அவள் மூச்சுக்கூடப் படாத சாக்கு. அதுவும் மற்றவை போல அதே ஊதா. இது எப்படி? யோசிக்க யோசிக்க எனக்குப் பயத்தைவிட ஆவல் அதிகமாகிவிட்டது.

மீதிக் கடுகுப் பொட்டுகளைச் பைக் பெட்டியில் போட்டுக்கொண்டு மலையடிவாரத்து முந்தல் வரை போனேன். மலையிலிருந்து இறங்கும் ஜீப்பை அங்கே மறித்து, கட்டுப் பிரிக்காத சாக்குகளில் பொட்டு ஒட்டினேன்.

"என்ன சார், காய்க்குப் பொட்டு வச்சு எந்த ஊருக்குக் கட்டிக் குடுக்கப் போறீங்க?" என்றார் டிரைவர்.

"மாப்பிள்ளை யாருன்னு பார்க்கத்தான் வந்தேன். சாப்பிட்டுட்டு வாங்க, அதுவரைக்கும் வண்டி இங்கயே நிக்கட்டும்" என்றேன். ஓட்டல் பில்லை நான் கொடுப்பதாகச் சொன்னதும் அவர் அவசரப்படவில்லை. ஒரு தூக்கமும் போட்டார்.

அவர் எழுந்து வந்தபோது ஜீப்பில் இருந்த சாக்குகள் எல்லாம் ஊதா. வனராணி என்று ஒருத்தி இருப்பதையே அறியாத காய்கள்.

அங்கிருந்தே பர்வீனுக்குப் போன் போட்டேன். அவர் சிரித்தார். பிறகு, "நாளைக்கே வர்றேன் சார், இதை நேர்ல பார்க்கணும்" என்றார்.

வந்தார். சின்னப் பெண், தோளில் ஒரு பெரிய பெட்டி. கதிர்வீச்சு இருக்கிறதா என்று மட்டும் சொல்லாமல், எந்தப் பொருளிலிருந்து வருகிறது என்றும் சொல்கிற கருவி. சாக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுத் திரையை எல்லோருக்கும் காட்டினார்.

"இது அயோடின் இல்ல. பொட்டாசியம்."

"அது யாரு போட்டது?" என்றார் முதலாளி.

"மண்ணுல இருக்கு சார். செடி அதை உறிஞ்சுது. ஏலக்காய்ல நிறையவே இருக்கு. வாழைப்பழம், இளநீர், கீரை எல்லாத்துலயும் இருக்கு. அதுல ஒரு துளி எப்பவும் கதிர் விட்டுக்கிட்டேதான் இருக்கும். உலகம் உண்டான நாள்ல இருந்து அப்படித்தான். உங்க தாத்தா வித்த ஏலக்காயும் ஊதாதான். அப்பப் பொட்டு இல்ல, அவ்வளவுதான்." பிறகு கடுகுப் பொட்டுத் தாளைப் பிரித்து ஆளுக்கு ஒன்று கொடுத்தார். "கக்கத்துல வச்சுக்கங்க. சாப்பாட்டு நேரம் முடிஞ்சதும் எடுத்துப் பாருங்க."

அன்றைக்குச் சாப்பாட்டு நேரம் போல ஒன்றை நான் பார்த்ததில்லை. ஒரு கையை விலாவோடு இறுக்கிக்கொண்டு மறு கையால் எல்லோரும் சோறு அள்ளினார்கள். ஒருத்தி சிரிக்க, கை தளர, "பொட்டு விழுகுதுடி, பிடி பிடி!" என்று மற்றவர்கள் கத்தினார்கள். வாசல் மேஜையில் வனராணியும் ஒன்றை வைத்துக்கொண்டிருந்தாள்.

எடுத்துப் பார்த்தோம். என்னுடையது ஊதா. ரெஜினாவுடையது ஊதா. முதலாளி தன்னுடையதை ஜன்னல் பக்கம் கொண்டுபோய் வெளிச்சத்தில் பார்த்தார். நல்ல கத்தரிப்பூ நிறம்.

"அப்ப நானும் விஷமாம்மா?" என்றார்.

"உங்க உடம்புல பொட்டாசியம் இல்லைன்னா இதயம் துடிக்காது சார்."

ரெஜினா பொட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். "எம் மருமக?"

"அவங்ககிட்டயும் இருக்கு. வயித்துல இருக்கிற பிள்ளைகிட்டயும் இருக்கு. இல்லைன்னு சொன்னாத்தான்க்கா நான் பயப்படுவேன்."

"அப்ப இவகிட்ட இருக்கிறதும் எங்கிட்ட இருக்கிறதும் ஒண்ணுதானா?"

"இல்லக்கா, வேற வேற. அவங்களுது மருந்து. கொஞ்ச நாள்ல தீர்ந்து போயிரும். உங்களுது உங்க ஆயுசு பூராவும் இருக்கும்."

 வனராணிதான் முதலில் சிரித்தாள். அந்தச் சிரிப்பு சுவர் ஓரத்துக்கும் பரவியது. ரெஜினா மட்டும் சிரிக்கவில்லை. வாசலுக்குப் போனாள். தனி மேஜையின் ஒரு பக்கத்தைப் பிடித்தாள். "பார்த்துக்கிட்டே நிக்கிறீகளேடி, ஒரு கை குடுங்க" என்றாள். மேஜை உள்ளே வந்தது.

பர்வீன் வனராணியின் எச்சிலை ஒரு குப்பியில் வாங்கிச் சோதித்தார். நன்றாகக் குறைந்துவிட்டது, மார்கழி பாதிக்குள் மிளகுப் பொட்டுக்குத் தெரியாது, அதற்குப் பிறகு வாய் பார்க்கலாம் என்றார்.

"அப்ப மார்கழிச் சரக்குக்கு நான் ஒக்காரணுமா?" என்று கேட்டாள் வனராணி.

அந்தக் குரலில் சந்தோஷம் இல்லை. இத்தனை நாள் பட்டது மனதில் இருக்கும், சீக்கிரம் ஆறாது என்றுதான் அப்போதும் நான் நினைத்தேன்.

மார்கழி வந்தது. சோதித்துப் பார்க்க அட்டத்திலிருந்து இறக்கிக் கொடுத்த வனராணியின் டம்ளரில் இரண்டு நாள் பார்த்தும் பொட்டு வெள்ளையாகவே இருந்தது. மணையை ரெஜினாவே துடைத்துப் போட்டாள். முதலாளி சாமி படத்துக்குக் கற்பூரம் காட்டிவிட்டு, பொட்டு கம்பெனிக்காரனுக்குக் கடுகுப் பொட்டைத் திருப்பி அனுப்பியாயிற்றா என்று என்னிடம் இரண்டு தடவை கேட்டுவிட்டு, அந்தப் பக்கம் லாரிக்காரர்களோடு பேசப் போனார். நான் முத்திரையோடு மணைப் பக்கத்தில் நின்றேன்.

வனராணி கன்னத்து மிட்டாயைத் துப்பிவிட்டுத் தண்ணீரில் வாய் கொப்பளித்தாள். முதல் சாக்கில் கை விட்டாள். காயை எடுத்தாள். பாதி கடித்தாள். மென்றாள். தோலைத் துப்பினாள். எப்போதும் அந்த நேரத்தில் ரகம் வாயிலிருந்து வந்து விழும். அன்று விழவில்லை. மீதிப் பாதியை ரெஜினாவிடம் நீட்டினாள்.

ரெஜினா அந்தப் பாதிக் காயைப் பார்த்தாள். ஈரம் பட்டு விளிம்பு பளபளத்தது. சிலுவை போட்டுக்கொண்டு வாயில் போட்டாள்.

"எப்படிடி இருக்கு?" என்றாள் வனராணி, உதடு அசையாமல்.

"என்னைக் கேக்குற? நீதான சொல்லணும்."

"சொல்லுடி."

ரெஜினா மெல்லுவதை நிறுத்தினாள். வனராணியின் முகத்தையே பார்த்தாள். எனக்குப் புரிவதற்கு முன்னால் அவளுக்குப் புரிந்துவிட்டது.

"எப்ப இருந்து?"

"மாத்திரை போட்டதுல இருந்துதான். காப்பி குடிச்சா சுடுது, அம்புட்டுதான். மிளகாய் கடிச்சா கண்ணுல தண்ணி வருது, நாக்குக்குத் தெரியல."

"அடிப்பாவி. அப்ப மொத நாள் வந்து அத்தனை சாக்குக்கு ரகம் சொன்னியே?"

"கண்ணால பார்த்துச் சொன்னேன். மோந்து பார்த்துச் சொன்னேன். குத்துமதிப்பாச் சொன்னேன். எங்க மாட்டுவமோன்னு பயந்துக்கிட்டே இருந்தேன். நீ எல்லாத்துக்கும் ஆமான்னுட்ட."

 "நீ சொன்னாச் சரியா இருக்கும்னுதான்" என்றாள் ரெஜினா. "இத்தனை வருசமும் அப்படித்தான்."

அப்போதுதான் எனக்கு எல்லாம் வரிசையாக வந்து நின்றது. தனி மேஜையை அவள் எதிர்க்காதது, மணையைக் கேட்காதது, ரெஜினாவே இருக்கட்டும் என்றது. ஊரே அவள் வாயைக் கண்டு பயந்திருந்த நாளெல்லாம் அந்த வாய் எதை இழந்திருந்தது என்று ஒருத்தரும் கேட்கவில்லை. விசாரிக்க வேண்டியதை எல்லாம் விசாரித்ததாக நினைத்துக்கொண்டிருந்த நானும் கேட்கவில்லை.

"என்னப்பா, முதல் சாக்கு என்ன ரகம்?" என்று முதலாளி லாரிப் பக்கத்திலிருந்து குரல் கொடுத்தார்.

வனராணி எழுந்திருக்கப் போனாள். ரெஜினா அவள் தொடையில் கையை வைத்து அழுத்தினாள். காயை நாக்கில் உருட்டினாள்.

"மொதல்ல சுள்ளுன்னு இருக்கு. அப்புறம் கற்பூரம் மாதிரி மேல ஏறுது. கடைசியில, என்னன்னு சொல்ல, புது நோட்டுத் தாளை நக்குன மாதிரி."

"கசக்குதா?"

"கசப்பு இல்ல. நாக்கு ஓரத்துல வறட்டுன்னு இழுக்குது."

வனராணி கண்ணை மூடினாள். "புதுக் காய்தான். இந்த வருசம் மூணாம் எடுப்புல பறிச்சது. அவசரப்பட்டுச் சூட்டைக் கூட்டிக் காய வச்சுட்டாங்க. ரெண்டாம் ரகம்." பிறகு சத்தமாக, "ரெண்டாம் ரகம் முதலாளி!" என்றாள்.

"ஆமா" என்றாள் ரெஜினா. இத்தனை வருஷத்தில் அவள் யோசித்துச் சொன்ன முதல் ஆமா அதுதான் என்று நினைக்கிறேன்.

நான் முத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். குத்தலாமா? வாங்குகிறவர்களுக்கு இரண்டு வாய் என்று எழுதியிருக்கிறோம். இங்கே இருப்பது ஒரு நாக்கும் ஒரு ஞாபகமும். முத்திரையைக் கீழே வைத்துவிட்டு முதலாளியிடம் போய் உள்ளதைச் சொன்னேன். 

"ரெண்டு பேரும் ஒரே காயத்தான கடிக்கிறாக?"

"ஆமாங்க."

"ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டாத்தான முத்திரை?"

"ஆமாங்க."

"அப்புறம் எங்கிட்டு வழக்கம் மாறிச்சு? போய்க் குத்துய்யா." இரண்டடி போய்த் திரும்பினார். "அந்தப் பொண்ணுக்கு ருசி வருமான்னு மதுரைக்கு எழுதிக் கேளு."

எழுதினேன். பர்வீன் பதில் கடிதம் எழுதாமல் போனிலேயே சொன்னார். எச்சில் சுரப்பி அடிபட்டால் சிலருக்கு இப்படி ஆகும், அதற்காகத்தான் புளிப்பு மிட்டாய் கொடுப்பது, பெரும்பாலானவர்களுக்கு மெதுவாகத் திரும்பி வரும், யாருக்கு எப்போது என்று மட்டும் சொல்ல முடியாது. இனி வருகிறவர்களிடம் ருசி பார்க்கிற வேலையா என்றும் ஒரு கேள்வி கேட்கப் போவதாகச் சொன்னார்.

மார்கழிச் சரக்கில் ஒரு சாக்குகூடத் திரும்பி வரவில்லை. பஜாருக்கு இந்தப் பகுதி தெரியாது, அதனால்தான் மின்னிய கதை இன்னும் ஓடுகிறது.

இப்போது மாசி. முதல் பாதியை ரெஜினா கடிக்கிறாள். ருசியைச் சொல்கிறாள், வனராணி ரகத்தைச் சொல்கிறாள். மீதிப் பாதியை வனராணி வாயில் போட்டுக்கொள்கிறாள். கொஞ்சம் மென்றுவிட்டு, இல்லை என்று ரெஜினாவைப் பார்த்துத் தலையை ஆட்டுவாள். அதற்குப் பிறகுதான் நான் முத்திரை குத்துவேன். ஒவ்வொரு சாக்குக்கும் இப்படித்தான்.

நேற்று மத்தியானம், மலையிலிருந்து அப்போதுதான் இறங்கிய சாக்கு. ரெஜினா சொன்னாள், வனராணி சொன்னாள், மீதிப் பாதி வனராணி வாய்க்குப் போயிற்று. நான் முத்திரையை ஓங்கினேன்.

வனராணி தலையை ஆட்டவில்லை. மென்றுகொண்டே இருந்தாள். ரெஜினா என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.